கைச்சி பள்ளியைப் பார்க்கப் போகிறவர்கள் செய்யும் தவறுகள்

ஜப்பானின் நாகானோ மாநிலத்தில் மட்சுமோட்டோ என்ற ஊர் இருக்கிறது. அங்கே போகிறவர்கள் பெரும்பாலும் கறுப்புக் கோட்டையைப் பார்க்கத்தான் போகிறார்கள். கோட்டையிலிருந்து வடக்கே பத்து நிமிடம் நடந்தால் பழைய கைச்சி பள்ளி வந்துவிடும். 1876-ல் கட்டிய தொடக்கப் பள்ளி. 1963 வரை பிள்ளைகள் அங்கே படித்தார்கள். அப்புறம் ஆற்றங்கரையிலிருந்து கட்டடத்தைப் பெயர்த்துக் கொண்டுவந்து இப்போதைய இடத்தில் நிறுத்தி அருங்காட்சியகம் ஆக்கினார்கள். 2019-ல் இது தேசியப் பொக்கிஷமானது. நவீன காலப் பள்ளிக் கட்டடம் ஒன்றுக்கு அந்தத் தகுதி கிடைத்தது அதுவே முதல் முறை.

இப்படிப்பட்ட இடத்தைக் கோட்டைக்குப் பிறகு நேரம் மிஞ்சினால் பார்க்கலாம் என்று ஒதுக்கி வைப்பதுதான் முதல் தவறு. மாலை 5 மணிக்கு மூடிவிடுவார்கள். அரை மணி நேரம் முன்பே நுழைவை நிறுத்திவிடுவார்கள். காலையில் முதலில் இங்கே போய்விட்டுக் கோட்டைக்குத் திரும்புங்கள். ஒரு மணி நேரமாவது வேண்டும்.

பழைய பயணக் குறிப்புகளை நம்பிப் போவது இன்னொரு தவறு. நிலநடுக்கத்தைத் தாங்கும்படி பலப்படுத்தும் வேலைக்காக 2021-ல் மூடிய கட்டடத்தை 2024 நவம்பரில்தான் மறுபடி திறந்தார்கள். அதற்கு முன் எழுதிய கட்டணம், விடுமுறை நாள் எதையும் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். கிளம்பும் முன் ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள். உள்ளே போக செருப்பு, ஷூவைக் கழற்ற வேண்டியிருக்கும். மட்சுமோட்டோவில் குளிர்காலத்தில் வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே போகும். மரத்தரை சில்லென்று ஏறும். தடிமனான சாக்ஸ் போட்டுக்கொண்டு போங்கள்.

சரி, எனக்கு நிஜமாகவே மனசு பொறுக்காத தவறு ஒன்று உண்டு. முகப்பை ஒரு படம் எடுத்துக்கொண்டு, 'ஐரோப்பியக் கட்டடத்தைப் பார்த்து அரைகுறையாகக் காப்பியடித்திருக்கிறார்கள்' என்று சொல்லிவிட்டு நகர்வது. கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பாருங்கள். சுவரின் மூலைகளில் அடுக்கிய கருங்கல் மாதிரி தெரிவது கல்லே இல்லை, சுண்ணாம்புப் பூச்சு. சாம்பல் நிறப் பூச்சில் கல்லுக்குக் கல் இடைவெளி தெரியும்படி கோடு போட்டிருக்கிறார்கள். உள்ளே இருப்பது முழுக்க மரம். வாசலுக்கு மேலே நிமிர்ந்து பார்த்தால் முதலில் டிராகன், அதற்கு மேல் சுருள் சுருளான மேகம், அதற்கும் மேல் இரண்டு குட்டி தேவதைகள் பள்ளியின் பெயர்ப்பலகையைப் பிடித்துக்கொண்டிருக்கும். டிராகனும் மேகமும் கோயில்களில் பார்க்கும் வகைச் சிற்பங்கள். தேவதைகள் அந்தக் காலச் செய்தித்தாள் ஒன்றின் தலைப்புப் படத்திலிருந்து வந்தவை என்கிறார்கள். எல்லாவற்றுக்கும் மேலே எண்கோணக் கோபுரம்.

இதைக் கட்டியவர் தாதெயிஷி செய்ஜூ, உள்ளூர்த் தச்சர். கட்டடக் கலையைக் கல்லூரியில் படித்தவர் இல்லை. தோக்கியோவுக்கும் யோகோஹாமாவுக்கும் போய்ப் புதுக் கட்டடங்களைக் கண்ணால் பார்த்து, நோட்டில் வரைந்துகொண்டு ஊர் திரும்பி, தனக்குத் தெரிந்த தச்சு வேலையை வைத்தே கட்டினார். இப்படிக் கட்டியவற்றை ஜப்பானில் கியோஃபூ, அதாவது மேற்கத்தியத்தைப் போன்ற பாணி என்பார்கள். அதுவரை கட்டிப் பழகாத ஒன்றைத் தன் கைக்குப் பழகிய உளியால் புரிந்துகொண்டிருக்கிறார் ஒரு மனிதர். அதைக் காப்பி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

கட்டச் செலவான, அந்தக் காலக் கணக்கில் சுமார் 11,000 யென்னில் ஏறக்குறைய எழுபது சதவீதம் ஊர்மக்கள் கொடுத்த பணம். எல்லாப் பிள்ளைகளும் படிக்க வேண்டும் என்று அரசு ஆணை போட்டது 1872-ல். நான்கே வருடத்தில் ஒரு மலைநாட்டு ஊர் தன் கைக்காசைப் போட்டு இவ்வளவு பெரிய பள்ளியை எழுப்பிவிட்டது. இது தெரிந்த பிறகு அந்தக் கோபுரத்தைப் பாருங்கள், வேறு மாதிரி தெரியும்.

உள்ளே போனதும் காட்சிப் பெட்டிகளை மட்டும் பார்த்துவிட்டு வெளியே வந்துவிடாதீர்கள். கதவுகளைப் பாருங்கள். 1868-ல் தொடங்கிய மேய்ஜி பேரரசர் காலத்தின் ஆரம்பத்தில் பல புத்த ஆலயங்களை மூடிவிட்டார்கள். அங்கிருந்து வந்த மரவேலைகளை இந்தப் பள்ளியில் மறுபடி பயன்படுத்தியிருக்கிறார்கள். விளக்கங்கள் பெரும்பாலும் ஜப்பானிய மொழியில் இருக்குமே என்று தயங்க வேண்டாம், மொழிபெயர்க்கும் செயலி ஒன்றைப் போனில் வைத்துக்கொண்டால் போதும். வீடுகளில் குழந்தை பார்த்துக்கொள்ளும் வேலைக்குப் போன சிறுமிகளுக்கென்று இந்தப் பள்ளி தனி வகுப்பு நடத்தியது. குழந்தையை முதுகில் கட்டிக்கொண்டே அவர்கள் பாடம் படித்தார்கள். நீங்கள் நிற்கும் தரையின் கதை இதெல்லாம்.

வெளியே வந்ததும் நேராகப் பேருந்து நிறுத்தத்துக்குப் போய்விடாமல், பக்கத்தில் இருக்கும் பழைய பாதிரியார் இல்லத்தையும் பாருங்கள். 1889-ல் பிரெஞ்சுப் பாதிரியார் ஒருவர் கட்டிய அசல் மேற்கத்திய மரவீடு அது. வெளியிலிருந்து பார்த்தாலே போதும். பார்த்துவிட்டு அப்படியே திரும்பி, தாதெயிஷியின் டிராகனை இன்னொரு முறை பாருங்கள்.