மற்ற நாயைக் கண்டால் பாயும் நாயை நடையில் பழக்குவது எப்படி?

எங்கள் நாய் மணி, காப்பகத்திலிருந்து வந்த ‘சிங்கப்பூர் ஸ்பெஷல்’. வீவக வீட்டில், அதாவது அரசு அடுக்குமாடி வீட்டில், இப்படிப்பட்ட கலப்பின நாயை வளர்க்க அனுமதிக்கும் அடோர் திட்டத்தில் அடிப்படைப் பயிற்சி கட்டாயம். வகுப்பில் உட்கார், நில் எல்லாம் சமர்த்தாகச் செய்தான். ஆனால் புளோக்கின் கீழே ஒரு பூடில் தெரிந்தால் போதும், கயிற்றை இழுத்துக்கொண்டு பாய்வான். அது திமிர் இல்லை, பயம். இதைப் புரிந்துகொள்ளாமல் நான் இரண்டு மாதம் அவனை அதட்டிக்கொண்டிருந்தேன்.

1. கயிறும் தீனியும்

மார்பில் ஒய் வடிவில் அமரும் ஹார்னஸ் (உடல்வார்ப்பட்டை), 2 மீட்டர் கயிறு. இழுத்தால் நீளும் கயிறு வேண்டாம். கழுத்தை நெரிக்கும் சங்கிலி வேண்டவே வேண்டாம். அந்த வலிக்கும் எதிரே வரும் நாய்தான் காரணம் என்று நாய் நினைத்துக்கொள்ளும். உப்பு, வெங்காயம், பூண்டு சேர்க்காமல் வேகவைத்த கோழிக்கறியைப் பொட்டுக்கடலை அளவுக்கு நறுக்கி, இடுப்புப் பையில் போட்டுக்கொள்ளுங்கள்.

2. தூரத்தைக் கண்டுபிடியுங்கள்

இதுதான் முக்கியம். குரைப்பதற்கு முன்பே உடம்பு சொல்லிவிடும். மணிக்கு முதலில் வாய் மூடிக்கொள்ளும். அப்புறம் காது முன்னால் வரும், உடம்பின் பாரம் முன்னங்காலுக்குப் போகும். அதற்கும் முந்திய நிலையில், மற்ற நாயைப் பார்த்தும் உங்களிடம் தீனி வாங்கிச் சாப்பிடுகிறதா? அந்த இடம்தான் உங்கள் தூரம். எங்களுக்கு அது முதலில் 40 தப்படி. நாய் தெரிந்தவுடன் ஒரு துண்டு கொடுங்கள், மறைந்ததும் நிறுத்திவிடுங்கள். சில வாரங்களில், நாயைப் பார்த்ததும் தானாகவே உங்கள் முகத்தைத் திரும்பிப் பார்க்கும். தீனியை வாங்க மறுத்தால் கிட்டே வந்துவிட்டீர்கள் என்று அர்த்தம், பின்னால் போங்கள்.

3. மின்தூக்கி

நம் ஊரில் பெரிய சோதனை இதுதான், ஏனென்றால் அங்கே தூரமே கிடையாது. கதவுக்கு நேராக நிற்காதீர்கள். நான்கைந்து தப்படி தள்ளி, பக்கவாட்டில் நில்லுங்கள். உள்ளே நாய் இருந்தால், “நீங்கள் போங்கள் ஆன்ட்டி, நாங்கள் அடுத்ததில் வருகிறோம்” என்று சொல்லிவிடலாம். நீங்கள் உள்ளே இருக்கும்போது கதவு திறந்தால், மூலையில் நாயை உங்கள் காலுக்குப் பின்னால் வைத்து, தரையில் தீனியைத் தூவுங்கள். மோப்பம் பிடித்துப் பொறுக்கும் நாய்க்குக் குரைக்க நேரமிருக்காது.

4. “வா, போகலாம்!”

திடீரென்று எதிரே நாய் வந்தால் திரும்பி நடக்க ஒரு சொல். முதலில் வீட்டுக் கூடத்தில் விளையாட்டாகப் பழக்குங்கள். ஆபத்தில் மட்டும் சொன்னால், அந்தச் சொல்லே பயமுறுத்தும்.

5. வீட்டிலேயே அஜிலிட்டி (தடை தாண்டும் விளையாட்டு)

துடைப்பக் கம்பைத் தரையில் போட்டுத் தாண்ட வையுங்கள். நாற்காலிக் கால்களுக்கு நடுவே நுழைந்து வரட்டும், குழந்தைகளின் துணிச் சுரங்கத்தில் ஊர்ந்து வரட்டும். பத்து நிமிடம் போதும். ஒன்றரை வயது ஆகும்வரை உயரம் தாண்ட விடாதீர்கள், எலும்பு வளர்கிற காலம். வெளியே குரைத்துக் களைத்த நாளுக்கு மறுநாள் நாங்கள் நீண்ட நடையை விட்டுவிட்டு இதைத்தான் செய்வோம். சுரங்கத்திலிருந்து வெளியே வரும்போது மணியின் வால் ஆடுவதைப் பார்க்கவேண்டும்!

நடைக்கு விடியுமுன், 6 மணி வாக்கில் கிளம்புங்கள். நாய்களும் குறைவு, தரையும் குளிர்ந்திருக்கும்.

பீஷான்-அங் மோ கியோ பூங்காவில் நாய்களை அவிழ்த்துவிட வேலியடைத்த இடம் இருக்கிறது. இப்போதைக்கு உள்ளே விடவேண்டாம். நாங்கள் வெளியே, புல்லில் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கிறோம். போன ஞாயிற்றுக்கிழமை வேலிக்கு 15 தப்படி வரை போனோம். மணி கொட்டாவி விட்டுப் படுத்துக்கொண்டான்.