ஓசனிச்சிட்டு ஃபீடர்: கழுவ வருமா என்று பார்த்து வாங்குங்கள்

ஓசனிச்சிட்டு எனும் ஹம்மிங்பேர்டு அமெரிக்கக் கண்டங்களில் மட்டுமே உள்ள பறவை. தேன்சிட்டு வேறு குடும்பம். அங்கே தோட்டம் வைத்திருப்பவர்கள் ஃபீடர், அதாவது இந்தப் பறவை குடிக்கச் சர்க்கரைத் தண்ணீர் ஊற்றித் தொங்கவிடும் கலம், வாங்கப் போனால், முதலில் அதை முழுக்கக் கழற்றிப் பாருங்கள். பிரஷ் எல்லா மூலைக்கும் போக வேண்டும். போகவில்லையா, எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம். சர்க்கரைத் தண்ணீர் வெயிலில் சீக்கிரம் புளித்துவிடும். பறவை குடிக்கும் ஓட்டையின் உள்விளிம்பிலும் ரப்பர் வளையத்துக்கு அடியிலும் மிளகுத்தூள் தூவினாற்போல் கறுப்புப் புள்ளிகள் தெரிந்தால், அது பூஞ்சை. சுமார் 3 கிராமே எடையுள்ள பறவைக்கு அது நோயைக் கொடுக்கும்.

ஃபீடரில் இரண்டு வகை உண்டு. கவிழ்த்த பாட்டில் வகையில், தண்ணீர் கொட்டாமல் நிற்பதே காற்றழுத்தத்தால்தான். வெயில் ஏறினால் பாட்டிலுக்குள் இருக்கும் காற்று விரிந்து தண்ணீரைக் கீழே தள்ளும். சொட்டத் தொடங்கும், எறும்பும் குளவியும் வந்து மொய்க்கும். விளிம்புவரை நிரப்பி நிழலில் மாட்டினால் ஓரளவு குறையும். தட்டு வகையில் ஓட்டைகள் மேல்மூடியில் இருப்பதால் ஒழுகாது. தண்ணீர் மட்டம் சற்றுத் தாழ்ந்திருந்தால் தேனீக்கு எட்டாது, சிட்டின் நீண்ட நாக்குக்கு எட்டும். முதல் ஃபீடருக்கு இதுவே நல்லது. மூடியைத் திறந்தால் முழுவதும் கைக்கு வந்துவிடும்.

பெரிதாக வாங்கி அடிக்கடி நிரப்பும் வேலையை மிச்சப்படுத்தலாம் என்று நினைக்காதீர்கள். மீதித் தண்ணீரை எப்படியும் கொட்டத்தான் வேண்டும். 240 மி.லி. பிடிப்பது போதும். சிவப்பு நிறம் பறவையை இழுக்கும். மஞ்சள் பூ ஒட்டியிருந்தால் குளவியும் வரும். பறவை உட்கார்ந்து குடிக்கக் கம்பி இருப்பது நல்லது. எறும்பு இறங்கி வராமல் தடுக்க, கொக்கிக்கு மேலே தண்ணீர் ஊற்றும் எறும்புக் கிண்ணம் அவசியம்; அதற்குப் பதில் எண்ணெயோ கிரீஸோ தடவினால் பறவையின் இறகில் ஒட்டிக்கொள்ளும்.

ஊற்றவேண்டியது 1 பங்கு வெள்ளைச் சர்க்கரை, 4 பங்கு தண்ணீர், அவ்வளவே. தேன் கலந்தால் பூஞ்சை வளரும். பழுப்புச் சர்க்கரையில் இரும்புச்சத்து அதிகம், அது பறவைக்குக் கெடுதல். சிவப்புச் சாயம் தேவையே இல்லை. கடும் வெயிலில் 2 நாளுக்கு ஒருமுறை, இதமான நாட்களில் 4 நாளுக்கு ஒருமுறை கொட்டிவிட்டு வெந்நீரில் தேய்த்துக் கழுவுங்கள். கலங்கினாலோ நூல் நூலாகத் தெரிந்தாலோ நாள் பார்க்கவேண்டாம், உடனே மாற்றுங்கள்.

ஒரு ஆண்சிட்டு ஃபீடரைப் பிடித்துக்கொண்டு மற்றவற்றைத் துரத்தும். பெரிய ஃபீடர் வாங்கி இதைத் தீர்க்க முடியாது. இரண்டு சிறியவற்றை, ஒன்றிலிருந்து மற்றொன்று தெரியாதபடி வீட்டின் இரு பக்கங்களில் மாட்டுங்கள். ஜன்னல் பக்கம் என்றால் கண்ணாடியிலிருந்து 1 மீட்டருக்குள் மாட்டுங்கள். வேகம் எடுத்து மோதும் ஆபத்து குறையும்.

இலையுதிர் காலத்தில் ஃபீடரை இறக்காவிட்டால் பறவை வலசை போகாது என்ற பயம் வேண்டாம். பகல் குறைவதே அதைக் கிளப்பிவிடும். கடைசிப் பறவை போன பிறகும் 2 வாரம் மாட்டி வையுங்கள். பிந்தி வருபவை குடித்துவிட்டுப் போகும்.