‘இயற்கை’ என்று நம்பி நாய்க்குச் செய்யும் தவறுகள்

தண்டையார்பேட்டையில் எங்கள் வீட்டு மணி, தெருவிலிருந்து தூக்கி வந்த நாட்டு நாய். முதல் கோடையில் உண்ணி பிடித்தபோது, பக்கத்து வீட்டு அக்கா சொன்னபடி வேப்பெண்ணெயில் கற்பூரத்தைக் கரைத்து உடம்பெல்லாம் தடவினேன். ரசாயனம் இல்லையே என்ற நிம்மதி. ராத்திரி முழுக்க அவன் அதை நக்கி நக்கி வாந்தி எடுத்தான். விடிந்ததும் ஆட்டோ பிடித்து வேப்பேரி கால்நடை மருத்துவமனைக்கு ஓடினேன். கற்பூரம் நாய்க்கு நஞ்சு என்பது அங்கேதான் தெரிந்தது. டீ ட்ரீ ஆயில் என்று விற்கும் மூலிகை எண்ணெயும் அப்படித்தான். மண்ணெண்ணெய், பினாயில் பக்கமே போகாதீர்கள், தோல் வெந்துபோகும்.

உண்ணி விஷயத்தில் நாம் செய்யும் பெரிய தவறு, நாயை மட்டும் பார்ப்பது. ரத்தம் குடித்து ஊதிய பெண் உண்ணி நாயை விட்டு இறங்கி, சுவர் விரிசலில் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். எங்கள் வீட்டில் கதவு நிலைக்குப் பின்னால் டார்ச் அடித்துப் பார்த்தபோது, கடுகைக் கொட்டியதுபோல் குஞ்சுகள் மேலே ஏறிக்கொண்டிருந்தன. விரிசல்களை வெள்ளை சிமெண்ட் குழைத்து அடைத்தோம். படுக்கைத் துணியை வாரம் ஒருமுறை கொதிக்கும் தண்ணீரில் போட்டோம். தினமும் சீப்பால் வாரி, எடுத்த உண்ணிகளை நசுக்காமல் சோப்புத் தண்ணீரில் போட்டோம். சூழலுக்குக் கேடில்லாத உண்மையான வைத்தியம் இதுதான்.

இதற்கும் மேல் மருந்து தேவைப்பட்டால் டாக்டர் சொன்ன அளவில் போடுங்கள். மாட்டுக்கு விற்கும் உண்ணி மருந்தைக் கண்ணளவில் கலந்து குளிப்பாட்டி, மீதியை மழைநீர் வடிகாலில் கொட்டுவது நம் பக்கம் சகஜம். அது பக்கிங்ஹாம் கால்வாய், எண்ணூர் முகத்துவாரம், கடல் என்று போய்ச் சேரும். அந்த மருந்துகள் சிலவற்றில் இருக்கும் அமிட்ராஸ் என்ற ரசாயனம் மீனுக்கு விஷம். கழுத்தில் விடும் சொட்டு மருந்தும் லேசானதல்ல. இங்கிலாந்தில் 20 ஆறுகளின் நீரைச் சோதித்தபோது பெரும்பாலான மாதிரிகளில், இந்தச் சொட்டு மருந்துகளில் சேர்க்கும் பிப்ரோனில் என்ற பூச்சிக்கொல்லி இருந்தது. நாய், பூனைக்கு விடும் மருந்துதான் அதற்கு முக்கியக் காரணமாகச் சொல்லப்பட்டது. மருந்து விட்ட சில நாளைக்குக் குளிப்பாட்டவே வேண்டாம்.

அடுத்தது மலம். மொட்டைமாடித் தோட்டம் வைத்திருப்பவர்கள் சிலர், எரு என்று நினைத்துக் கத்தரி, தக்காளித் தொட்டியில் புதைக்கிறார்கள். மாட்டுச் சாணம் வேறு, இது வேறு. நாய் மலத்தில் வரும் உருண்டைப் புழு முட்டைகள் மண்ணில் ஆண்டுக்கணக்கில் உயிரோடு கிடக்கும். வீட்டுக் கம்போஸ்ட் தொட்டியின் சூடு அவற்றைக் கொல்லாது. மண்ணில் விளையாடும் குழந்தைகளை நினைத்துப் பாருங்கள். ‘மக்கும் பை’யில் கட்டிப் போட்டாலும் கொடுங்கையூர் குப்பைமேட்டின் அடியில், காற்றே படாத இடத்தில் அந்தப் பை சொன்னபடி மக்காது. பாதாளச் சாக்கடை இணைப்புள்ள வீடு என்றால், பழைய செய்தித்தாளில் அள்ளி வந்து மலத்தை மட்டும் கழிப்பறையில் தள்ளித் தண்ணீர் ஊற்றுவதே மேல்.

ஏசி இல்லாமல் வாழ முடியாத, பனிநாட்டு நாயான ஹஸ்கியை நம் ஊர் வெயிலுக்கு வாங்காதீர்கள். அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

சோற்றை வீணாக்கக் கூடாது என்று மிச்சம் மீதியை நாய்த் தட்டில் கொட்டுவதும் தவறுதான். பிரியாணியிலும் சாம்பாரிலும் இருக்கும் வெங்காயம், பூண்டு நாயின் ரத்த அணுக்களைச் சிதைக்கும். வெந்த கோழி எலும்பு சில்லுசில்லாய் உடைந்து குடலைக் கிழிக்கும். கருவாட்டில் உப்பு அதிகம். காசிமேட்டில் காலையில் போனால் பொடி நெத்திலி மலிவாகவே கிடைக்கும், பிளாஸ்டிக் பாக்கெட்டும் வேண்டாம்; தூக்குவாளி எடுத்துப் போங்கள். உப்பு போடாமல், ஒரு துண்டு பரங்கிக்காயோடு வேகவைத்தால் முள்ளும் மெத்தென்று ஆகிவிடும். வெந்த தண்ணீரைக் கொட்டாமல் சோற்றில் ஊற்றிப் பிசைந்து, ஆறவைத்துப் போடுங்கள்.