கொந்தளிக்கும் தண்ணீரில் மிதவை விமானம்: இறங்கும்போது செய்யக்கூடாத தவறுகள்

சக்கர விமானத்தில் பழகிவிட்டு மிதவை விமானத்துக்கு வருபவரை முதலில் பயமுறுத்துவது, இதற்கு பிரேக் இல்லை என்பதுதான். அலாஸ்காவிலும் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவிலும், சாலையே போகாத கரையோர ஊர்களுக்கு பீவர், ஆட்டர் போன்ற ஐம்பது வயது தாண்டிய விமானங்கள்தான் டவுன் பஸ். அங்கே காற்றடிக்கிற நாளில் நடக்கிற விபத்துகளைப் படிக்கும்போது, கைப்பழக்கம் தவறியதைவிட இறங்கும் இடத்தையும் திசையையும் தேர்ந்தெடுத்ததில்தான் வினை தொடங்குகிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

சுற்றி வரச் சோம்பல்பட்டு வந்த போக்கிலேயே பின்காற்றில் இறங்குவதைத்தான் நான் முதல் தவறாகச் சொல்வேன். கணக்கு போட்டுப் பாருங்கள்: காற்றில் 50 நாட் (ஒரு நாட் என்பது மணிக்கு சுமார் 1.85 கி.மீ.) வேகத்தில் இறங்கும் விமானம் 10 நாட் எதிர்க்காற்றில் தண்ணீரை 40 நாட்டில் தொடும், அதே காற்று முதுகில் அடித்தால் 60 நாட்டில் தொடும், அதாவது மிதவைகள் தாங்க வேண்டிய ஆற்றல் இரண்டு மடங்குக்கும் மேல். காற்று எங்கிருந்து வருகிறது என்பதைத் தண்ணீரே சொல்லிவிடும். நங்கூரமிட்ட படகுகள் காற்றைப் பார்த்து மூக்கை நீட்டி நிற்கும், பலமாக அடித்தால் நுரை காற்றின் போக்கில் கோடு கோடாக இழுபடும், காற்று எந்தக் கரையிலிருந்து கிளம்புகிறதோ அந்தக் கரையை ஒட்டி மட்டும் ஒரு பட்டை தண்ணீர் அலையில்லாமல் பளபளவென்று கிடக்கும்.

அந்தப் பட்டையில் இறங்குவது நல்ல யோசனைதான், ஆனால் கரையில் உயரமான மலை இருந்தால் அதைத் தாண்டி வரும் காற்று மேலிருந்து கீழே அமுக்கும், கண்டபடி சுழலும். தண்ணீர் அமைதியாக இருப்பதால் அதற்கு மேலே உள்ள காற்றும் அமைதி என்று நம்பிவிடக் கூடாது.

அலையின் உயரம் மிதவையின் நீளத்தில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டினால் அங்கே வேலை வேண்டாம் என்று ஒரு பொதுக் கணக்கு உண்டு. தூரத்துப் புயலிலிருந்து உருண்டு வரும் நீண்ட அலைகள் காற்றின் திசையிலேயே வர வேண்டும் என்றும் இல்லை. அவற்றுக்கு எதிராக நேராகப் போய் மோதாமல், முடிந்தவரை இணையாக இறங்குவார்கள்.

சரி, தொட்டாயிற்று, ஒரு அலை விமானத்தைத் தூக்கிப் போடுகிறது. உடனே மூக்கைக் கீழே அழுத்தத்தான் கை போகும், அதைச் செய்தால் மிதவையின் முனை அடுத்த அலைக்குள் புகுந்து விமானம் குட்டிக்கரணம் போடும். உயரமாகத் தூக்கிவிட்டதா, முழு பவர் கொடுத்து மேலே ஏறிவிட வேண்டும். தண்ணீரிலேயே ஓங்கில் (டால்பின்) மாதிரி முன்னும் பின்னும் ஆடத் தொடங்கி இரண்டாவது ஆட்டத்திலும் அடங்கவில்லை என்றால், பவரை முழுக்கக் குறைத்து கன்ட்ரோலைப் பின்னுக்கு இழுத்துப் பிடிக்க வேண்டும். ஆட்டத்தைத் துரத்தித் துரத்திச் சரிசெய்யப் போனால் அது பெரிதாகும்.

அப்புறம், இறங்கியாயிற்று என்று நினைத்து வேகம் குறையும் முன்பே திருப்புவது. காற்றுக்கு முதுகு காட்டி ஓடிக்கொண்டிருக்கும்போது காற்றை நோக்கித் திருப்பினால், காற்றும் திருப்பத்தின் விசையும் ஒரே பக்கமாகத் தள்ளும், வெளிப்பக்க மிதவை அமுங்கும், இறக்கை தண்ணீரைத் தொட்டால் கதை முடிந்தது. சக்கரமும் மிதவையும் சேர்ந்த விமானத்தில் சக்கரத்தை உள்ளே இழுக்க மறந்து தண்ணீரில் இறங்கினாலும் கவிழ்வதுதான் கதி. இதற்காகவே பல பைலட்டுகள் "இது தண்ணீர், சக்கரம் மேலே" என்று வாய்விட்டுச் சொல்லிக்கொள்வார்கள்.

கவிழ்ந்த பிறகு நடக்கும் தவறுகளும் உயிரைக் கொல்லும். 2009 நவம்பர் 29 அன்று கனடாவின் சட்டர்னா தீவை ஒட்டிய கடலில் ஒரு பீவர் விழுந்தது. அது புறப்பாட்டில் நடந்தது, இறங்கும்போது அல்ல, ஆனால் பாடம் ஒன்றுதான்: இருந்த 8 பேரில் 6 பேர் வெளியே வர முடியாமல் மூழ்கி இறந்தார்கள். கனடாவில் பிற்பாடு சிறிய வணிக மிதவை விமானங்களில் உயிர்காப்பு அங்கியை அணிந்தே பறக்க வேண்டும் என்று விதி வந்தது. அங்கியை விமானத்துக்குள்ளேயே ஊதிவிடாதீர்கள், அது உங்களைத் தலைகீழாகக் கிடக்கும் விமானத்தின் தரையோடு ஒட்டிவைத்துவிடும், முங்கிக் கதவுக்குப் போக முடியாது. பெல்ட்டையும் அவசரப்பட்டு அவிழ்க்கக் கூடாது. அவிழ்த்த நொடியில் எது மேல், எது கீழ் என்று தெரியாமல் போய்விடும். ஒரு கை முதலில் கதவின் பிடியைத் தேடிப் பிடித்திருக்க வேண்டும், மறு கை அதற்கப்புறம்தான் பெல்ட்டுக்குப் போகலாம்.