சாவி போடுவதற்கு முன் போனை என்ன செய்வது

வண்டி ஓட்டும்போது போன் பார்க்கக் கூடாது என்பது யாருக்குத்தான் தெரியாது? ஆனாலும் எந்த சிக்னலில் நின்று பார்த்தாலும், ஹெல்மெட்டுக்கும் கன்னத்துக்கும் நடுவே போனைச் செருகிக்கொண்டு பேசியபடியே கிளம்புகிற நாலு பேரையாவது பார்க்கலாம். மணி அடித்தால் கை தானாகப் போகிறது, அவ்வளவுதான். அதனால் ‘இனி எடுக்க மாட்டேன்’ என்ற சபதத்தில் எனக்கு நம்பிக்கை இல்லை. அடிக்கவே அடிக்காதபடி செய்துவிடுங்கள்.

முதலில் ஒரு கணக்கு. 60 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி நொடிக்குக் கிட்டத்தட்ட 17 மீட்டர் போகிறது. வாட்ஸ்அப்பில் வந்தது யார் என்று பார்க்க 3 நொடி என்றால், 50 மீட்டர் ரோட்டைப் பார்க்காமலே போயிருக்கிறீர்கள். பைபாஸில் 100-ல் போனால் அது 83 மீட்டர். நம் ஊர் ரோட்டில் அந்த இடைவெளிக்குள் ஒரு நாய், ராங் சைடில் வரும் ஒரு மொபெட், பின்விளக்கு இல்லாத ஒரு டிராக்டர் எல்லாமே இருக்கலாம்.

சரி, போனுக்கு வருவோம். ஐபோனில் செட்டிங்ஸுக்குள் ஃபோகஸ், அதில் டிரைவிங். காரின் புளூடூத்தோடு இணைந்ததும் அதுவாகவே ஆன் ஆகும்படி வைக்கலாம், மெசேஜ் அனுப்புகிறவருக்கு ‘ஓட்டிக்கொண்டிருக்கிறேன்’ என்று பதிலும் அதுவே போட்டுவிடும். ஆண்ட்ராய்டில் கம்பெனிக்குக் கம்பெனி மாறும், செட்டிங்ஸில் ‘டிரைவிங்’ என்று தேடிப் பாருங்கள், கிடைக்காவிட்டால் ‘டூ நாட் டிஸ்டர்ப்’ போதும். வீட்டில் அவசரம் என்றால் என்ன செய்வது என்று உடனே கேட்பீர்கள். ஒரே ஆள் சில நிமிடங்களுக்குள் மறுபடி கூப்பிட்டால் மட்டும் மணி அடிக்கும்படி இரண்டிலும் வசதி இருக்கிறது. அப்படி அடித்தால் ஓரம்கட்டுங்கள், ஓட்டியபடி எடுக்க வேண்டாம். அப்புறம் போனை எட்டாத இடத்தில் வையுங்கள்: காரில் பின்சீட்டுப் பை, ஸ்கூட்டரில் சீட்டுக்கு அடியில். சட்டைப் பை மட்டும் வேண்டவே வேண்டாம்.

மேப் தேவைப்படுமே என்றால், வழி பார்க்க மட்டும், அதுவும் கவனம் சிதறாமல் பயன்படுத்தலாம் என்று 2020 அக்டோபரிலிருந்து மோட்டார் வாகன விதியே சொல்கிறது. கிளம்பும் முன்பே இடத்தைப் போட்டு, வழியை ஒருமுறை முழுக்கப் பார்த்துவிடுங்கள். முக்கியமாக மேம்பாலத்தில் ஏற வேண்டுமா, கீழே போக வேண்டுமா என்பதை. சென்னை கத்திப்பாரா மாதிரி இடத்தில் பாதிப் பேர் நடுரோட்டில் பிரேக் அடிப்பது இந்தக் குழப்பத்தில்தான். திருப்பத்தை விட்டுவிட்டீர்களா, விடுங்கள், அடுத்த யூ டர்னில் திரும்பிக்கொள்ளலாம்.

புளூடூத்தில் பேசினால் பரவாயில்லை என்பது பெரிய ஏமாற்று. டொராண்டோவில் ஓட்டுநர்களின் போன் பதிவுகளை வைத்துச் செய்து 1997-ல் வெளியான ஆய்வில், போன் பேசும் நேரத்தில் மோதும் அபாயம் ஏறக்குறைய நான்கு மடங்கு என்று வந்தது. கையில் பிடிக்காமல் பேசியவர்களுக்கும் அதனால் பாதுகாப்பு கூடியதாகத் தெரியவில்லை. கை சும்மா இருந்தாலும் மனசு அங்கே இல்லையே. பக்கத்து சீட்டில் இருப்பவர் முன்னால் லாரி குறுக்கே வந்தால் பேச்சை நிறுத்துவார், போனில் இருப்பவருக்கு லாரி தெரியாது.

சட்டம் பக்கம் சுருக்கமாக: போனைக் கையில் வைத்துக்கொண்டு ஓட்டுவது மோட்டார் வாகனச் சட்டத்தின் 184-ஆம் பிரிவின்படி ஆபத்தான ஓட்டுதல். முதல் முறை 1,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது 6 மாதம் முதல் ஓராண்டு வரை சிறை, இரண்டும்கூட விதிக்கலாம்.

என்னைக் கேட்டால், பாதிப் பொறுப்பு கூப்பிடுகிறவர்களுடையது, அதை யாரும் பேசுவதில்லை. ‘எங்க இருக்க?’ என்று கேட்கும் முன் ‘ஓட்டிட்டு இருக்கியா?’ என்று கேளுங்கள், ஆமாம் என்றால் மறுபேச்சில்லாமல் வையுங்கள். அம்மாவுக்கு மனசு கேட்காது என்றால் கிளம்பும்போதே வாட்ஸ்அப்பில் லைவ் லொக்கேஷன் அனுப்பிவிடுங்கள், அவர் பாட்டுக்குப் பார்த்துக்கொண்டிருப்பார். சாப்பாடு ஆர்டர் போட்டால் வாசல் அடையாளத்தையும் மாடியையும் முதலிலேயே எழுதிவிட்டுச் சும்மா இருங்கள், அந்தத் தம்பி மழையில் ஒரு கையால் ஓட்டிக்கொண்டே உங்களுக்கு வழி கேட்க வேண்டியிருக்காது. ஆபீசில் மேலாளராக இருப்பவர்கள் ஒன்பது மணிக்கு ‘ஏன் போன் எடுக்கலை’ என்று கத்துவதை நிறுத்தினாலே நிறைய மாறும். இருசக்கர வண்டியில் பின்னால் உட்கார்ந்திருப்பவர் போனைத் தன் பொறுப்பில் வாங்கிக்கொள்ளட்டும், ஆனால் அதை ஓட்டுகிறவர் காதில் பிடிக்கிற சேவை வேண்டாம்.

பேசியே ஆக வேண்டும் என்றால் நிறுத்தும் இடமும் முக்கியம். பைபாஸ் ஓரத்தில், நிற்கிற லாரிக்குப் பின்னால் ஒதுங்காதீர்கள். சர்வீஸ் ரோடு, ஹோட்டல் வாசல் என்று ரோட்டை விட்டு முழுசாக வெளியே வாருங்கள்.

இவ்வளவும் செய்த பிறகும் போனோ தண்ணீர் பாட்டிலோ நழுவிக் காலடியில் விழும். குனிந்து துழாவாதீர்கள். வேகத்தைக் குறைத்து, இண்டிகேட்டர் போட்டு, வண்டி முழுசாக நின்ற பிறகு எடுங்கள். பாட்டில் என்றால் கட்டாயம் நிறுத்திவிட வேண்டும், அது பிரேக் பெடலுக்கு அடியில் உருண்டு மாட்டிக்கொள்ளும்.