முதல் விமான மொடல்: 1/72 அளவில் ஒரு ஸீரோ

பிளாஸ்ரிக் மொடல் கட்டிப் பழக்கமில்லாதவர், இரண்டாம் உலகப் போர்க்கால ஜப்பானியப் போர் விமானமான மித்சுபிஷி ஏ6எம்2 ஸீரோவோடு தொடங்கினால் பாதி வில்லங்கம் குறையும். மேலும் கீழும் ஒரே சாம்பல் நிறம். உருமறைப்புத் திட்டுகள் தீட்டத் தேவையில்லை. வாற்சில்லில் நிற்கிற விமானம் என்பதால் மூக்குக்குள் பாரம் வைக்கவும் வேண்டாம். ஆனால் வெளிர்நிறம் ஒன்றையும் மறைக்காது. இரண்டு பாகம் சேர்ந்த கோடு சரியாகத் தேயாவிட்டால் அறை வாசலில் நின்றே தெரியும். அதனால் இங்கே பூசுவதைவிட ஒட்டுவதையும் தேய்ப்பதையும் பற்றித்தான் அதிகம் சொல்லப்போகிறோம்.

உண்மை விமானத்தின் இறக்கை நுனிக்கு நுனி 12 மீற்றர். 1/72 அளவில் அது 16.7 சென்ரிமீற்றர், ஏறக்குறைய ஒரு கைத்தொலைபேசியின் நீளம். எயர்ஃபிக்ஸ், தமியா என்ற மொடல் கம்பனிகள் இரண்டும் இந்த அளவில் ஸீரோ வெளியிட்டிருக்கின்றன. பாகங்கள் இன்னும் வடிவாகப் பொருந்துவது தமியாவில். வெளிநாட்டிலிருந்து வரும் சொந்தக்காரரிடம் சொல்லியனுப்பினால் பெட்டியை மட்டும் சொல்லுங்கள். பசையும் ஸ்பிறேயும் தீப்பற்றக்கூடியவை, விமானப் பயணப் பையில் விடமாட்டார்கள்.

மேசையில் இருக்க வேண்டியவை

சிறிய நிப்பர், கட்டர் பிளேட், சாமணம், 400, 800, 1500 இலக்க வோட்டர் பேப்பர், மாஸ்கிங் ரேப், 0 இலக்கத் தூரிகை ஒன்று, 5 மில்லிமீற்றர் தட்டைத் தூரிகை ஒன்று. இவ்வளவும் ரவுணுக்குள் ஹாட்வெயார் கடையிலும் புத்தகக் கடையிலும் எடுக்கலாம். பெயின்ற் கலக்கவும் பசை தொடவும் ஈர்க்கைவிட நல்ல சாமான் இல்லை.

பசையில் மட்டும் சிக்கனம் பார்க்கக்கூடாது. மூடியில் தூரிகை பொருத்திய, தண்ணிபோன்ற மொடல் பசைதான் வேண்டும். அது ஒட்டுவதில்லை, பிளாஸ்ரிக்கை உருக்கி ஒன்றாக்குகிறது. பீவீசீ குழாய்ப் பசையும் பிளாஸ்ரிக்கைக் கரைக்கும், ஆனால் மெல்லிய பாகங்களைக் கூழாக்கிவிடும். சுப்பர் குளூதான் கையில் உண்டென்றால் பாவிக்கலாம். ஒட்டி ஒரு மணித்தியாலத்துக்குள் தேய்த்துவிடுங்கள். அடுத்தநாள் அது பிளாஸ்ரிக்கைவிட இறுகிப்போகும். தேய்க்கத் தேய்க்கப் பக்கத்துப் பிளாஸ்ரிக்தான் பள்ளமாகும்.

வெட்டுதல்

பாகங்கள் கோத்திருக்கும் சட்டகங்களை அப்படியே சவர்க்காரத் தண்ணியில் கழுவி நிழலில் காயவிடுங்கள். அச்சு எண்ணெய் மிஞ்சியிருந்தால் பெயின்ற் பிடிக்காது. பாகத்தை ஒரே வெட்டில் எடுக்க வேண்டாம்: முதலில் 2 மில்லிமீற்றர் தள்ளி வெட்டி, பிறகு மிச்சத்தைப் பிளேட்டால் சீவி, 400 ஆல் தேயுங்கள். ஒட்ட வெட்டினால் பிளாஸ்ரிக் இழுபட்டு வெள்ளைத் தழும்பு விழும், அல்லது ஒரு துண்டு பிய்ந்து போகும். தேவைப்படும்போது மட்டும் வெட்டுங்கள். எல்லாவற்றையும் வெட்டிக் குவித்தால் எது எந்த இலக்கம் என்று பிறகு தேட வேண்டிவரும்.

கொக்பிற்

உடலின் இரு பாதியையும் மூடினபிறகு உள்ளே தூரிகை போகாது. கதிரை, தளம், கருவிப் பலகை எல்லாவற்றுக்கும் உட்புறப் பச்சை பூசி, காய்ந்தபின் பலகையைக் கறுப்பாக்கினால் போதும். இந்த அளவில் கண்ணாடிக் கூட்டுக்கூடாகத் தெரிவது கதிரையின் முதுகுதான். இதிலே ஒரு கிழமை செலவழிக்காதீர்கள்.

உடலும் இறக்கையும்

முதலில் பசை இல்லாமல் இரு பாதியையும் சேர்த்துப் பாருங்கள். ஓரிடத்தில் இடைவெளி தெரிந்தால் உள்ளே ஏதோ தடுக்கிறது; பெரும்பாலும் கொக்பிற் தளத்தின் ஓரம். அதைத் தேய்த்துச் சரிக்கட்டியபிறகே பசையை எடுங்கள்.

பாதிகளைச் சேர்த்துப் பிடித்து, தூரிகை நுனியைப் பொருத்துக் கோட்டில் தொட்டால் பசை தானாகவே கோடு நெடுக ஓடும். 3 சென்ரிமீற்றர் ஓடவிட்டு, 20 விநாடி பொறுத்து, இரு பக்கமும் அமத்துங்கள். உருகிய பிளாஸ்ரிக் மெல்லிய வரப்பாகப் பிதுங்கி வரவேண்டும். வந்தால் உள்ளே இடைவெளி இல்லை என்று அர்த்தம். விரலும் ரேப்பும் கோட்டின்மேல் இருக்கக்கூடாது. பசை அவற்றுக்குக் கீழே ஓடினால் உங்கள் கைரேகை விமானத்தில் நிரந்தரமாகப் பதியும்.

பிறகு 24 மணித்தியாலம் தொடவே வேண்டாம். அவசரக்காரர் தோற்பது இங்கேதான். மேலே காய்ந்ததுபோல் இருக்கும், உள்ளே இன்னும் மெதுமையாகவே இருக்கும். அப்போது தேய்த்து மட்டமாக்கினால், மிச்சப் பசை ஆவியாகும்போது கோடு உள்ளே சுருங்கி, பெயின்ற் பூசி ஒரு கிழமையில் பள்ளம் திரும்பத் தெரியும். காய்ந்தபின் 400, 800, 1500 என்ற ஒழுங்கில் தண்ணி தொட்டுத் தேயுங்கள். வெளிச்சத்தைச் சாய்வாகப் பிடித்து நகத்தால் குறுக்கே இழுங்கள். நகம் தடக்கினால் இன்னும் வேலை இருக்கிறது.

இறக்கை நுனியிலிருந்து ஏறக்குறைய 7 மில்லிமீற்றர் உள்ளே ஒரு கோடு உண்டு. விமானந்தாங்கிக் கப்பலின் மின்தூக்கிக்குள் அடங்குவதற்காக நுனியில் அரை மீற்றரை மடிக்கும் இடம் அது. பிழையென்று நினைத்துத் தேய்த்துவிடாதீர்கள். இறக்கையைப் பொருத்தியதும் விமானத்தை மேசையில் வைத்து, இரு நுனியும் மேசையிலிருந்து ஒரே உயரத்தில் நிற்கிறதா என்று அடிமட்டத்தால் அளவுங்கள். ஒரு மில்லிமீற்றர் வித்தியாசமும் முன்னாலிருந்து பார்க்கச் சரிவாகத் தெரியும்.

பெயின்ற்

தமியாவின் எக்ஸ்எஃப்-76 இந்த விமானத்துக்கென்றே வந்த பச்சை கலந்த சாம்பல். எஞ்சின் மூடி கறுப்பு. அதைத் தனியாகப் பூசிக் கடைசியில் மாட்டுங்கள். சில்லுக் கால்களும் மினுங்கும் கறுப்பு. தூரிகையால் பூசுவதென்றால் பால் பதத்துக்குத் தண்ணிப்படுத்தி மூன்று மெல்லிய பூச்சு. ஒவ்வொன்றுக்கும் நடுவில் சில மணித்தியாலம் விடுங்கள். காயாததன்மேல் திரும்ப இழுத்தால் கீழ்ப்பூச்சு கரைந்து சுருண்டு வரும்.

ஸ்பிறே அடிக்கிறவருக்கு யாழ்ப்பாணத்துக் காலநிலை கொஞ்சம் முரண்டுபிடிக்கும். சோளகம் வீசும் மாதங்களில் முற்றத்தில் அடித்தால் பெயின்ற் துளி காற்றிலேயே காய்ந்து மணல்போல வந்து ஒட்டும், புழுதியும் சேரும். கார்த்திகை மழைக்குள் அடித்தால் ஈரம் பிடித்து வெண்மை பூக்கும். காற்றில்லாத விடியலும், வெயில் வந்த நாளும் பார்த்து அடித்து, உடனே ஒரு பேசினைக் கவிழ்த்து மூடிவிடுங்கள். நுளம்பு வந்து ஒட்டினால் ஈரத்தில் கைவைக்க வேண்டாம். காய்ந்தபின் சாமணத்தால் எடுத்து 1500 ஆல் தடவலாம்.

டெக்கல்

மினுக்கமில்லாத பெயின்றின் மேற்பரப்பு நுண்ணளவில் சொரசொரப்பு. டெக்கலுக்கு, அதாவது தண்ணியில் நனைத்து ஒட்டும் அடையாளப் படலத்துக்குக் கீழே காற்று அடைபட்டு வெள்ளியாக மினுங்கும். ஆகவே முதலில் மினுங்கும் தெளிபூச்சு ஒன்று, ஒருநாள் காயவிட்டு, பிறகு டெக்கல்.

கிணற்றுத் தண்ணியைப் பாவிக்காதீர்கள். சுண்ணாம்புக்கல் நிலத்துத் தண்ணி காய்ந்ததும் வெள்ளை வளையம் விடும். பற்றரிக்கு ஊற்றும் தண்ணி ஒரு போத்தல் வாங்கி வைத்தால் பத்து மொடலுக்குக் காணும். டெக்கலை 15 விநாடி நனைத்து, வெளியே ஒரு நிமிடம் வைத்து, தானாக வழுகும்போது தள்ளுங்கள்.

1942 ஏப்ரல் 5 கொழும்புக்கும், 9 திருகோணமலைக்கும் குண்டுவீச்சு விமானங்களுக்குக் காவலாக வந்தவை இதே ஸீரோக்கள். அந்த நாளின் விமானமாக்க விரும்பினால் உடலின் பின்பகுதியில் உள்ள பட்டியைக் கவனியுங்கள், அது எந்த விமானந்தாங்கிக் கப்பலின் விமானம் என்று காட்டும்: அகாகிக்கு ஒரு சிவப்பு, சோர்யூவுக்கு ஒரு நீலம், ஹிர்யூவுக்கு இரண்டு நீலம், ஷோகாகுவுக்கு ஒரு வெள்ளை, ஸுய்காகுவுக்கு இரண்டு வெள்ளை. இரண்டு சிவப்பு காகாவுடையது. அந்தக் கப்பல் இலங்கைப் பக்கம் வரவில்லை. சிவப்பு வட்டத்தைச் சுற்றி வெள்ளைக் கரையும் வேண்டாம். பெயின்ற் உரிந்ததுபோல் காட்டுவது பலருக்கு ஆசை. அது போரின் பிற்பகுதிப் பச்சை விமானங்களுக்குப் பொருந்தும், இதற்கு அல்ல.

கடைசிப் பாகங்கள்

கண்ணாடிக் கூட்டுக்குச் சுப்பர் குளூ ஆகவே ஆகாது. அதன் ஆவி உள்ளே வெள்ளையாகப் படியும், துடைக்கவும் முடியாது. பள்ளிக்கூடப் பிள்ளைகளின் வெள்ளைப் பசை போதும். கூட்டின் சட்டங்கள் நிறைய. தூரிகையால் நேர்கோடு வராதவர் மாஸ்கிங் ரேப்பில் சாம்பல் பூசி, காய்ந்ததும் ஒரு மில்லிமீற்றருக்கும் குறைந்த கீற்றாக வெட்டி ஒட்டலாம். காற்றாடி, சில்லுக் கால், வாலடிக் கொழுக்கி, அன்ரெனாத் தண்டு நாலையும் எல்லாம் முடிந்தபின் மாட்டுங்கள். முன்னரே மாட்டினால் தேய்க்கும்போது முதலில் முறிவது அன்ரெனாதான். முறிந்தால் தேட வேண்டாம். விளக்குச் சூட்டில் சட்டகத் துண்டொன்றை இளக்கி இழுத்தால் அதே தடிப்பில் இன்னொன்று கிடைக்கும்.