லிஸ்பன்–மாட்ரிட்: தூரத்தையும் பறக்கும் நேரத்தையும் நாமே கணக்குப் போடலாம்

போர்ச்சுகலின் லிஸ்பனிலிருந்து ஸ்பெயினின் மாட்ரிட் எவ்வளவு தூரம் என்று தேடினால் ஒரு இடத்தில் 500 கி.மீ. என்று வரும், இன்னொரு இடத்தில் 620க்கு மேல் வரும். இரண்டும் சரிதான். முதலாவது நேர்கோட்டுத் தூரம், இரண்டாவது சாலை. விமானத்துக்கு நேர்கோடுதான் வேண்டும், அதைக் கண்டுபிடிக்க ஒரு கால்குலேட்டர் போதும்.

முதலில் கூகுள் மேப்ஸில் லிஸ்பன் விமான நிலையத்தின் மேல் விரலை அழுத்திப் பிடியுங்கள். 38.77, -9.13 என்பது போல இரண்டு எண்கள் வரும். முதல் எண் அட்சரேகை, அடுத்தது தீர்க்கரேகை, தீர்க்கரேகையில் மைனஸ் இருந்தால் லண்டனில் 0 டிகிரி கோடு ஓடும் கிரீன்விச்சுக்கு மேற்கே என்று அர்த்தம். மாட்ரிட் பராஹாஸ் விமான நிலையத்துக்கு 40.47, -3.56. ஆமாம், மாட்ரிட்டும் மேற்கில்தான் இருக்கிறது, இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேலை இருக்கிறது.

அடுத்து வித்தியாசம். அட்சரேகையில் 1.70 டிகிரி, ஒரு டிகிரிக்குச் சுமார் 111 கி.மீ., ஆக 189 கி.மீ. தீர்க்கரேகையில் 5.57 டிகிரி, ஆனால் இதையும் 111 ஆல் பெருக்கிவிடாதீர்கள், புதிதாகக் கணக்குப் போடுகிறவர்கள் வழுக்குவது இங்கேதான். தீர்க்கரேகைகள் துருவத்தை நோக்கிப் போகப்போக நெருங்கிவிடும், அதனால் 111 ஐ நடு அட்சரேகையின் (இரண்டு அட்சரேகைகளின் சராசரி, 39.6) காஸ் (cos) மதிப்பால் பெருக்க வேண்டும். காஸ் 39.6 என்பது 0.77, ஒரு டிகிரிக்கு 85.5 கி.மீ., மொத்தம் 476. அப்புறம் பள்ளியில் படித்த பிதாகரஸ்தான்: 189, 476 இரண்டின் வர்க்கத்தையும் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் 512 கி.மீ. லிஸ்பன்–ஹெல்சிங்கி மாதிரி நீண்ட தூரத்துக்கு இந்தக் கணக்கு பிசகும், அங்கே பூமியின் உருண்டை வடிவத்தையும் கணக்கில் சேர்க்கும் ஹேவர்சைன் சூத்திரம் வேண்டும்.

சரி, நேரம். ஜெட் விமானம் மேலே மணிக்கு 800 கி.மீ. வேகத்தில் போகும் என்று வைத்தால் 38 நிமிடம் வருகிறது. நம்பாதீர்கள். ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, ஏறுவது, வேகத்தைக் குறைத்து இறங்குவது எல்லாவற்றுக்கும் குறுகிய பயணத்தில் அரை மணிக்கு மேல் சேர்க்க வேண்டும். ஆகவே ஏறத்தாழ 1 மணி 15 அல்லது 20 நிமிடம். உயரத்தில் காற்று பெரும்பாலும் மேற்கிலிருந்து வீசுவதால் திரும்பி வரும்போது சில நிமிடம் கூடலாம்.

டிக்கெட்டைப் பார்த்தால் தலை சுற்றும். லிஸ்பனில் 10:00க்குக் கிளம்பி மாட்ரிட்டில் 12:20க்கு இறங்குவதாக இருக்கும், திரும்பும்போது 10:00க்குக் கிளம்பி 10:20க்கே லிஸ்பன்! இரண்டுமே உள்ளூர் நேரம், ஸ்பெயின் ஒரு மணி நேரம் முன்னால் இருக்கிறது. கிரீன்விச்சுக்கு மேற்கே இருப்பதால் பூகோளப்படி பார்த்தால் மாட்ரிட் லண்டன் நேரத்தில் இருக்க வேண்டிய ஊர், 1940-ல் ஸ்பெயின் சர்வாதிகாரி பிராங்கோவின் ஆட்சி கடிகாரத்தை முன்னுக்குத் தள்ளியது அப்படியே நின்றுவிட்டது. எனவே உண்மையான பறக்கும் நேரம் தெரிய, டிக்கெட்டில் உள்ள இரண்டு நேரங்களின் இடைவெளியில் கிழக்கே போகும்போது ஒரு மணியைக் கழியுங்கள், மேற்கே வரும்போது கூட்டுங்கள். கோடை நேரத்துக்கு இரு நாடுகளும் ஒரே சமயத்தில் மாறுவதால் வித்தியாசம் வருடம் முழுக்க ஒன்றுதான்.

கடைசியாக வீட்டு வாசலிலிருந்து கணக்கு. இரண்டு விமான நிலையங்களுக்குமே மெட்ரோ உண்டு, காத்திருப்பையும் சேர்த்தால் நாலு மணி நேரம் ஆகும். காரில் ஆறு மணி. ரயிலை நம்பிப் போகிறவர்கள் மட்டும் கவனியுங்கள், நேரடி இரவு ரயில் 2020-லேயே நின்றுவிட்டது.